நான் வேறு, என் பெயர் வேறு என்று சொன்னால் வரி கிடையாதா?

கனடாவில் வசிக்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சாரத்தை மட்டும் தருகிறேன்:

"ஒன்டாரியோவில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கிறேன். டி4 (முதலாளி தரும் சம்பளச் சான்று) சம்பளம், வேறு வருமானம் இல்லை. நண்பர் ஒருவர் சொல்லி ஒரு வரி ஆலோசகரிடம் போனேன். பிறப்புச் சான்றிதழிலும் சின் நம்பரிலும் (சமூகக் காப்பீட்டு எண்) பெரிய எழுத்தில் இருக்கிற பெயர் நான் இல்லையாம், அது அரசாங்கம் உருவாக்கிய ஒரு சட்ட உருவமாம். உயிருள்ள மனிதனான நான் அதற்கு வெறும் ஏஜென்ட், வரி கட்ட வேண்டியது அந்த உருவம்தான், நான் இல்லை என்றார். என் சம்பளம் முழுவதையும் ஏஜென்ட் செலவாகக் காட்டி, அதைப் பிசினஸ் நஷ்டம் என்று எழுதி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தார். போன மூன்று வருடம் கட்டிய வரியும் திரும்ப வரும் என்றார். கையெழுத்துக்கு முன்னால் 'பெர்' (இன்னொருவர் சார்பில்) என்று எழுதச் சொன்னார், எழுதினேன். இப்போது கனடா வரித்துறையான சிஆர்ஏவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, பிசினஸ் நஷ்டத்துக்கு ஆதாரம் காட்டு, 30 நாளில் பதில் சொல் என்று. ஆலோசகர் ஒரு பிரமாணப் பத்திரம் தந்து அதை அனுப்பச் சொல்கிறார். மனைவி பயந்துபோய் இருக்கிறாள். ஆனால் என் நண்பருக்குப் பணம் வந்தது உண்மை, பேங்க் ஸ்டேட்மென்டைக் காட்டினார். மனிதன் வேறு, சட்டப்படியான ஆள் வேறு என்பது உண்மையா பொய்யா? நான் என்ன செய்யட்டும்?"

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒன்று. அந்தப் பிரமாணப் பத்திரத்தை அனுப்பாதீர்கள். இதைப் படித்து முடிக்கும் வரையாவது அனுப்பாதீர்கள், படித்த பிறகும் அனுப்ப மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இப்போது உங்கள் கையில் இருப்பது தவறாகப் போட்ட ஒரு ரிட்டர்ன், அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. "நான் அந்தப் பெயர் இல்லை" என்று சத்தியம் செய்து ஒரு காகிதத்தை அதன் மேல் வைத்தால், தெரிந்தேதான் செய்தேன் என்பதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சியாகிவிடும்.

இனி கேள்விக்கு வருகிறேன். மனிதன் வேறு, சட்டப்படியான ஆள் வேறு என்பதில் உண்மை இருக்கிறது. உங்களைப் போன்ற புத்திசாலிகள் இதில் மாட்டுவதற்குக் காரணமே அதுதான், முழுப் பொய்யாக இருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதற்கு ரத்தம் கிடையாது, சதை கிடையாது, ஆனாலும் சொத்து வாங்கும், கடன் படும், வழக்குப் போடும், வரி கட்டும். லண்டனில் காலணி செய்து விற்ற சாலமன் என்பவரின் வழக்கில் 1897-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை இதை உறுதியாகச் சொன்னது. பங்குகளில் கிட்டத்தட்ட எல்லாமே அவர் கையில் இருந்தன, இருந்தும் கம்பெனி பட்ட கடன் சாலமன் பட்ட கடன் ஆகாது என்று தீர்ப்பு. கனடா உட்பட பிரிட்டிஷ் சட்ட வழியில் வந்த நாடுகளில் இன்றைக்கும் கம்பெனிச் சட்டத்தின் அடிக்கல் அதுதான்.

ஒருவர் இறந்த பிறகும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். அவர் இறந்த நாள் வரையிலான வருமானத்துக்குக் கடைசி ரிட்டர்ன் ஒன்று போட வேண்டும், போடுவது உயில் நிறைவேற்றுபவர். இறப்புக்குப் பிறகு அந்தச் சொத்தில் வருகிற வட்டி, வாடகை எல்லாம் இறந்தவரின் வருமானம் ஆகாது, எஸ்டேட் என்கிற தனி அமைப்பின் வருமானம், அதற்கு வேறு படிவம். உயில் நிறைவேற்றுபவர் மகனாக இருந்தால், ஒரே வருடத்தில் அப்பாவின் கடைசி ரிட்டர்ன், எஸ்டேட்டின் ரிட்டர்ன், தன் சொந்த ரிட்டர்ன் என்று மூன்றிலும் அவரே கையெழுத்துப் போடுவார். கை ஒன்றுதான், ஆனால் சட்டத்துக்கு மூன்று தனித்தனிக் கணக்குகள். டிரஸ்ட்டும் அப்படியே, வரிச் சட்டம் அதைத் தனி நபராகப் பாவித்து வரி போடுகிறது.

ஆக, வேறுபாடு உண்டு. ஆனால் இந்த இடங்களில் எல்லாம் பணத்துக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். கம்பெனியின் பணம் உங்கள் பணம் இல்லை. கம்பெனி அக்கவுன்டிலிருந்து எடுத்து வீட்டுக்கு ஃபர்னிச்சர் வாங்கினால், சம்பளமாகவோ டிவிடெண்டாகவோ பங்குதாரர் பெற்ற ஆதாயமாகவோ அது உங்கள் பெயரில் வரிக்கு வரும். எஸ்டேட்டின் வாடகையை மகன் தன் கார் லோனுக்குக் கட்டினால் மற்ற வாரிசுகள் கேள்வி கேட்பார்கள், நீதிமன்றமும் கேட்கும். பிரிவினை உண்மையாக இருக்கிற இடத்தில் எல்லாம் ஒரு விலை இருக்கிறது: அந்தப் பணத்தின் மேல் உங்களுக்கு இருந்த சுதந்திரம் போய்விடும். உங்கள் ஆலோசகர் விற்றது விலையே இல்லாத பிரிவினை. சம்பளம் உங்கள் வங்கிக் கணக்கில் விழும், வீட்டுக் கடன் தவணை அதிலிருந்து போகும், பிள்ளைகளின் ஸ்கூல் செலவு அதிலிருந்து போகும், வரி என்று வரும்போது மட்டும் அந்தப் பணம் வேறு யாருடையதோ. எந்த நீதிமன்றமும் இதை ஏற்றதில்லை, ஏற்கவும் முடியாது.

உங்களை ஏஜென்ட் என்று எழுதியிருக்கிறாரே, அதையே எடுத்துக்கொள்வோம். ஏஜென்ட் என்பவன் வேறொருவர் சார்பில் வேலை செய்து, வசூலித்ததை அவரிடம் ஒப்படைத்து, கணக்குச் சொல்பவன். உங்களை நியமித்தவர் யார்? அவருடைய முகவரி என்ன, ஒப்பந்தம் எங்கே, எந்தத் தேதியில் எவ்வளவு பணத்தை ஒப்படைத்தீர்கள்? சிஆர்ஏ கடிதத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள், அவர்கள் கேட்டிருப்பது சுற்றிச் சுற்றி இதைத்தான். ரசீது கொடு, ஒப்பந்தம் கொடு, வங்கிப் பதிவு கொடு. உங்களிடம் எதுவும் இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு வியாபாரமே நடக்கவில்லை. ஒரே மனிதன் தன்னிடமே வசூலித்துத் தன்னிடமே கூலி கொடுத்து, அதில் சம்பளம் அளவுக்கு நஷ்டம் வந்தது என்று ஒரு தாளில் எழுதி முடித்துவிட்டார்கள்.

இனி "பெரிய எழுத்துப் பெயர்" விவகாரம். அரசாங்கப் படிவங்களில் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடிப்பது படிக்க வசதியாக இருக்கும், எழுத்துப்பிழை வராது என்பதற்காக. அதில் வேறு எந்தச் சட்ட ரகசியமும் இல்லை. பிறப்புச் சான்றிதழைப் பற்றி உங்கள் ஆலோசகர் சொன்ன கதை அமெரிக்காவில் பிறந்து கனடாவுக்கு வந்தது. குழந்தை பிறந்ததும் அரசாங்கம் அதன் பெயரில் ஒரு நிழல் உருவத்தை உருவாக்கி அதை ஈடு வைத்துக் கடன் வாங்குகிறது என்று போகும் அந்தக் கதை. சரி, உங்கள் பிறப்புச் சான்றிதழை எந்த நாடு கொடுத்தது? நம்மில் பெரும்பாலோர் இந்த மண்ணில் பிறந்தவர்களே இல்லை. கனடா அரசு நம் பிறப்பைப் பதிவு செய்யவே இல்லை, அதை ஈடு வைத்தது எப்போது? இந்தக் கதையை நம் ஆட்களிடம் விற்கிறவர்கள் அந்த இடத்தைத் திருத்தக்கூட மெனக்கெடவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கோ கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள்.

சின் நம்பர்தான் உங்களை வரிக்குள் இழுக்கிற ஒப்பந்தம், அதைத் துறந்துவிட்டால் வரி இல்லை என்றும் சிலர் சொல்வார்கள். கனடாவில் மத்திய வருமான வரி வந்தது 1917-ல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது. சின் நம்பர் வந்தது 1964-ல். இடையில் 47 ஆண்டுகள் அந்த எண்ணே இல்லாமல் மக்கள் வரி கட்டியிருக்கிறார்கள். எண் என்பது உங்களை அடையாளம் காண்பதற்கு மட்டும்தான். வரி ஒப்பந்தத்தில் பிறப்பதும் இல்லை, 1867-ன் அரசியலமைப்புச் சட்டம் எந்த முறையிலும் வரி விதிக்கிற அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் சம்மதத்தைக் கேட்டு அந்தச் சட்டம் இயங்குவதில்லை, எனக்கும் அப்படித்தான், எல்லோருக்கும் அப்படித்தான்.

வருமான வரிச் சட்டத்தில் 'பர்சன்' (சட்டப்படியான ஆள்) என்றால் கம்பெனிதான், மனிதன் இல்லை என்று ஒரு பக்கத்தை அடிக்கோடிட்டுக் காட்டியிருப்பார், சரிதானே? கம்பெனியும் அதில் அடங்கும் என்றுதான் அந்த விளக்கம் சொல்கிறது. அடங்கும் என்றால் ஏற்கனவே இருப்பதோடு சேர்ப்பது, மற்றதை வெளியே தள்ளுவது இல்லை. அதே பிரிவில் கொஞ்சம் தள்ளிப் படித்தால் தனிநபர் என்பதற்கும் விளக்கம் இருக்கிறது: கம்பெனி அல்லாத பர்சன். அதாவது கம்பெனி இல்லாத பர்சன்களும் உண்டு என்று சட்டமே சொல்கிறது. அந்த வாக்கியத்தை அவர் உங்களுக்குக் காட்டியிருக்க மாட்டார். சட்டத்தின் இரண்டாம் பிரிவு கனடாவில் வசிக்கும் ஒவ்வொரு பர்சனும் வரி கட்ட வேண்டும் என்கிறது. அதில் நீங்களும் நானும் இருக்கிறோம்.

இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும், சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்காகப் போராடியிருக்கிறார்கள். செனட்டில் உட்காரத் தகுதியுள்ள 'பர்சன்' என்பதில் பெண்கள் அடங்க மாட்டார்கள் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1928-ல் தீர்ப்புச் சொன்னது. எமிலி மர்ஃபி, நெல்லி மெக்லங் உள்ளிட்ட ஆல்பர்ட்டாவின் ஐந்து பெண்கள் விடாமல், அப்போது கனடாவின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள், 1929 அக்டோபரில் பெண்களும் பர்சன்தான் என்று அங்கே வென்றார்கள். சட்டத்தின் கண்ணில் ஆளாக இருப்பது என்பது உரிமை. நம் மக்களில் எத்தனை பேர் ஒரு அடையாள அட்டைக்காக, ஒரு பிஆர் (நிரந்தர வசிப்பு) கார்டுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள், காகிதம் இல்லாதவனுக்கு என்ன ஆகும் என்று உடம்பால் அறிந்தவர்கள். அவர்களிடம் போய், நீ அந்தக் காகிதத்தில் இருக்கிற ஆள் இல்லை என்று எழுதிக் கொடு என்று காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள். நீங்கள் அந்த ஆள் இல்லை என்றால் சைல்டு பெனிஃபிட் யாருக்கு வருகிறது? நாளைக்கு வரப்போகிற சிபிபி (கனடா அரசு ஓய்வூதியத் திட்டம்) பென்ஷன் யாருடையது? வீட்டுப் பத்திரத்தில் இருக்கிற பெயர் யார்?

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்ப்போம், ஏனென்றால் உங்கள் வழக்கு புதியதே இல்லை. 2012-ல் ஆல்பர்ட்டாவில் மீட்ஸ் என்ற விவாகரத்து வழக்கில் துணைத் தலைமை நீதிபதி ஜான் ரூக் 700 பத்திகளைத் தாண்டும் ஒரு தீர்ப்பை எழுதினார். ஒரு மனிதனுக்குள் இரண்டு ஆட்கள், ஒருவர் சதை, ஒருவர் காகிதம் என்று சொல்லும் வாதங்களை வகை வகையாகப் பிரித்து, ஒன்றுக்குமே சட்டத்தில் இடம் இல்லை என்று காட்டினார். அவர் அதிகம் கடிந்துகொண்டது இவற்றைக் காசுக்கு விற்கிறவர்களை. அவர்களிடம் வாங்கியவர்களுக்கு ஒரு யோசனையும் சொன்னார்: இந்த வித்தை பலிக்கும் என்றால் இவர்கள் ஏன் பணக்காரர்களாக இல்லை, ஏன் தாங்களே நீதிமன்றத்துக்கு வந்து வாதாடுவதில்லை, வென்றதாகச் சொன்னால் வழக்கு எண்ணையும் தீர்ப்பின் நகலையும் கேளுங்கள் என்று. உங்கள் ஆலோசகரிடம் நீங்களும் கேட்டுப் பாருங்கள். ஒரு தீர்ப்பு, ஒரே ஒரு வழக்கு எண்.

உங்கள் ரிட்டர்னுக்கு இன்னும் நெருக்கமானது 2013-ல் வரி நீதிமன்றத்தில் வந்த டோரஸ் வழக்கு. அங்கேயும் சாதாரண வேலைக்குப் போகிறவர்கள்தான், பிசினஸ் என்று ஒன்று இல்லாதவர்கள். ஃபிஸ்கல் ஆர்பிட்ரேட்டர்ஸ் என்ற அமைப்பு அவர்களுக்கு ஏஜென்ட் என்று பெரிய பெரிய நஷ்டக் கணக்கு எழுதிக் கொடுத்தது. கையெழுத்துக்கு முன்னால் 'பெர்' என்று போட்டிருந்தது அதிலும் உண்டு. நீங்கள் 'பெர்' என்று எழுதியதைப் படித்தவுடனே எனக்கு ஞாபகம் வந்தது இந்த வழக்குதான், சிஆர்ஏவில் உங்கள் ஃபைலைப் பார்ப்பவருக்கும் அப்படித்தான் ஞாபகம் வரும். நாங்கள் நம்பி ஏமாந்தோம், தயாரித்துக் கொடுத்தவர்தான் பொறுப்பு என்று அவர்கள் வாதாடினார்கள். நீதிபதி அவர்கள் ஏமாற்றப்பட்டதை மறுக்கவில்லை. ஆனால் கேட்ட தொகை எவ்வளவு பெரியது, பொய் எவ்வளவு கண்கூடானது, தயாரித்தவர் ரிட்டர்னில் தன் பெயரைப் போட்டாரா, அவர் சொன்ன விளக்கம் யாருக்காவது புரிந்ததா, இதெல்லாம் எச்சரிக்கை மணி இல்லையா, கேட்டும் ஏன் விசாரிக்கவில்லை என்றார். அபராதம் நின்றது. அந்த அமைப்பை நடத்திய லாரன்ஸ் வாட்ஸுக்கு 2016-ல் மோசடிக் குற்றத்துக்காக ஆறு ஆண்டுச் சிறை.

அதே 2016-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரஸ்ஸல் போரிஸ்கிக்கு ஐந்தரை ஆண்டு கிடைத்தது. இயற்கை மனிதன் தனக்காகச் சம்பாதிக்கிற பணத்துக்கு வரி கிடையாது என்று பாடம் நடத்திக் கட்டணம் வாங்கியவர். அவரிடம் படித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் சிலரும் தண்டனை பெற்றார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களை அழைத்துப் போன நண்பர் இன்னும் நாலு பேரை அழைத்துப் போயிருந்தால், அதற்குக் கமிஷனும் வாங்கியிருந்தால், அவருடைய நிலைமை உங்களுடையதை விட மோசம்.

நண்பருக்குப் பணம் வந்ததே என்கிறீர்கள். வந்திருக்கும், நான் நம்புகிறேன். ரிட்டர்ன் போட்டவுடன் சிஆர்ஏ ஒவ்வொன்றாகச் சோதிப்பதில்லை, எழுதியிருப்பதை நம்பி முதலில் கணக்கை முடித்து அனுப்பிவிட்டு அப்புறம்தான் தேர்ந்தெடுத்துப் பார்ப்பார்கள். சாதாரணமாக ஒரு தனிநபரின் கணக்கைத் திரும்ப எடுக்க அவர்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம். கவனமின்மையாலோ வேண்டுமென்றோ தவறான தகவல் கொடுத்திருந்தால் அந்த வரம்பும் கிடையாது, எத்தனை ஆண்டு கழித்தும் வரலாம். அவர் கையில் இருப்பது அரசாங்கத்தின் பணம், வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது.

உங்களுக்கு என்ன ஆகும் என்று எண்ணில் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, உங்கள் சம்பளத்தில் 15,000 டாலர் வரி பிடித்திருக்கிறார்கள், இந்த நஷ்டக் கணக்கால் அது பூஜ்யமாகக் காட்டப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் நஷ்டத்தை நீக்குவார்கள், 15,000-ம் திரும்பக் கடனாகும், ரீஃபண்ட் வந்திருந்தால் வட்டியோடு. அதற்கு மேல், தெரிந்தோ பெரும் அலட்சியத்தாலோ பொய்யான தகவல் கொடுத்ததற்கு, குறைத்துக் காட்டிய வரியில் பாதி அபராதம், 7,500. முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் நஷ்டத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோகக் கேட்டிருக்கிறார்கள் என்கிறீர்கள், அந்த ஆண்டுகளின் வரியும் அபராதக் கணக்கில் சேரக்கூடும், அப்போது தொகை சில மடங்காகிவிடும். ரீஃபண்ட் உங்கள் கைக்கே வரவில்லை என்றாலும் அபராதம் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. பணம் வரவில்லையே, நான் எதையும் அனுபவிக்கவில்லையே என்று நினைப்பார்கள். தண்டனை பணம் வாங்கியதற்கு இல்லை, ரிட்டர்னில் பொய் எழுதியதற்கு.

சிறை போவேனா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் மனைவியின் பயம் அதுதான் என்று தெரிகிறது. வரி ஏய்ப்பு நீதிமன்றத்தில் குற்றமாக நிரூபிக்கப்பட்டால் அபராதம் ஏய்த்த வரியில் 200 சதவீதம் வரை, சிறை ஐந்து ஆண்டு வரை போகலாம். ஆனால் ஒரு ரிட்டர்னில் மாட்டிய வாடிக்கையாளர்களிடம் பெரும்பாலும் அந்த 50 சதவீத அபராதத்தோடு முடிகிறது, குற்ற வழக்கு விற்றவர்கள் மேலும் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் மேலும்தான் வருகிறது. நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை அடுத்த சில வாரங்களில் நீங்கள் அனுப்பும் காகிதங்கள்தான் முடிவு செய்யும். அதனால்தான் முதல் வரியிலேயே பிரமாணப் பத்திரத்தைப் பற்றிச் சொன்னேன்.

சரி, செய்ய வேண்டியது.

முதலில் ஒரு வரி வழக்கறிஞரைப் பாருங்கள், கணக்காளரை இல்லை. நான் கணக்குத் தொழிலில் இருப்பவன், அப்படியிருந்தும் இதைச் சொல்கிறேன். கனடாவில் வழக்கறிஞரிடம் நீங்கள் சொல்வது ரகசியமாகப் பாதுகாக்கப்படும், கணக்காளரிடம் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, கேட்டால் நான் கொடுத்தாக வேண்டும். எனக்கு எழுதியது போல் எல்லாவற்றையும் இன்னொரு கணக்காளருக்கு மின்னஞ்சலில் எழுதாதீர்கள். ரிட்டர்னைத் திருத்தும் வேலைக்குக் கணக்காளர் வேண்டும் என்றால் வழக்கறிஞரே தன் வழியாக ஒருவரை அமர்த்துவார். செலவாகும்தான், ஆனால் ஒரு மணி நேர ஆலோசனையாவது எடுங்கள்.

போகும்போது எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்: சிஆர்ஏ கடிதம், அவர்கள் தயாரித்த ரிட்டர்னின் முழு நகல், டி4, ஆலோசகருக்குக் கொடுத்த பணத்தின் பதிவு, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள். அந்தச் செய்திகளை அழித்துவிடலாமா என்று தோன்றும், கூடாது. உங்களிடம் என்ன சொல்லி நம்ப வைத்தார் என்பதற்கு அவைதான் ஆதாரம், அபராதம் விதிக்கச் சரியான காரணம் இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு சிஆர்ஏ பக்கம் இருப்பதால் அந்த ஆதாரத்துக்கு மதிப்பு உண்டு. ரிட்டர்னில் தயாரித்தவர் பெயர் போடும் இடத்தைப் பாருங்கள். காலியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் தன் பெயரைப் போடத் தயாராக இல்லாத ஒரு தாளில்தான் உங்களைக் கையெழுத்துப் போட வைத்தார்.

30 நாள் கெடுவை விட்டுவிடாதீர்கள். வழக்கறிஞர் கிடைக்கத் தாமதமானால் கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கால அவகாசம் மட்டும் கேளுங்கள், நியாயமான அவகாசம் பெரும்பாலும் தருவார்கள். கதை எதுவும் சொல்லாதீர்கள், மனித உரிமை பற்றியும் சட்ட உருவம் பற்றியும் ஒரு வார்த்தை வேண்டாம். வழக்கறிஞர் சரி என்றால் பதில் சுருக்கமாக இருக்கும்: அந்தப் பிசினஸ் நடக்கவில்லை, நஷ்டக் கோரிக்கையையும் முந்தைய ஆண்டுகளுக்கான கோரிக்கையையும் திரும்பப் பெறுகிறேன். தானாக முன்வந்து தவறைச் சொல்பவர்களுக்கு அபராதத்தில் சலுகை தரும் திட்டம் ஒன்று சிஆர்ஏவிடம் இருக்கிறது, கடிதம் வந்துவிட்டதால் அந்த ஆண்டுக்கு அது கிடைப்பது கஷ்டம். இதே ஆலோசகர் வேறு ஏதாவது ஆண்டுக்கும் கைவைத்திருந்தால், அந்த ஆண்டைப் பற்றி அவர்கள் இன்னும் கேட்கவில்லை என்றால், அதை உடனே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். நாள் போகப் போக அந்தச் சலுகை கைநழுவும்.

ரீஃபண்ட் வந்திருந்தால் தொடாதீர்கள். செலவழித்திருந்தால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு திரும்பக் கட்டத் தொடங்குங்கள், வட்டி தினமும் கூட்டு வட்டியாக ஏறுகிறது. மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணைக்குப் பேசலாம், வருமானம் செலவு விவரம் கேட்பார்கள், ஒத்துக்கொண்ட தவணையைத் தவறாமல் கட்டினால் பெரிதாகத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். புதிய அசெஸ்மென்ட் நோட்டீஸ் வந்த பிறகு அபராதத்தை எதிர்த்து ஆட்சேபம் எழுப்ப உங்களுக்கு அந்த நோட்டீஸ் தேதியிலிருந்து 90 நாளோ, அந்த ரிட்டர்ன் போட வேண்டிய கடைசித் தேதியிலிருந்து ஓர் ஆண்டோ, எது பிந்தியதோ அதுவரை அவகாசம். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆட்சேபத்தில் இந்த ஏஜென்ட் தத்துவத்தை எழுதினால் அது அன்றோடு முடிந்தது. நான் என்ன கேட்டேன், என்ன புரிந்தது, எப்போது சந்தேகம் வந்தது, வந்ததும் என்ன செய்தேன் என்ற நேர்மையான கதைக்கு மட்டும்தான் அங்கே வாய்ப்பு இருக்கிறது. டோரஸ் வழக்கைப் பார்த்தால் அது சுலபம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியென்றால் நிஜமாகவே ஒரு கம்பெனி தொடங்கிச் சம்பளத்தை அதன் வழியாக வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள், பலர் கேட்கிறார்கள். கம்பெனி நிஜமான ஆள்தான், ஆனால் உங்கள் நிலையில் இருப்பவருக்குப் பலன் இல்லை. ஒரே முதலாளிக்கு ஊழியர் போலவே வேலை செய்துகொண்டு நடுவில் ஒரு கம்பெனியை நிறுத்தினால், அதைக் கண்டுகொள்வதற்கென்றே சட்டத்தில் தனி விதி இருக்கிறது. சிறு தொழிலுக்கான குறைந்த வரி விகிதம் அந்தக் கம்பெனிக்குக் கிடைக்காது, செலவுகளும் பெரும்பாலும் கழிக்க முடியாது. நாளைக்கு உண்மையாகச் சொந்தத் தொழில் தொடங்கினால் அப்போது பேசலாம், அதுவரை ஆர்ஆர்எஸ்பி (ஓய்வுக்காலச் சேமிப்பு), பிள்ளைகள் பராமரிப்புச் செலவு, யூனியன் சந்தா என்று உங்களுக்குச் சட்டப்படி உரிமையான கழிவுகளை ஒழுங்காக எடுத்தாலே போதும். உங்கள் ஆலோசகர் அவற்றை எடுத்தாரா என்றுகூடப் பாருங்கள், இந்த மாதிரி ரிட்டர்ன்களில் உண்மையான கழிவுகள் விட்டுப்போயிருக்கலாம், திருத்தும்போது அவற்றைச் சேர்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக உங்கள் மனைவி. அவருடைய ரிட்டர்னையும் இதே ஆள் போட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால், அவருக்கு இன்னும் கடிதம் வரவில்லை என்றால், வழக்கறிஞரிடம் முதலில் பேச வேண்டியது அவருடைய ஃபைலைப் பற்றித்தான், ஏனென்றால் தானாக முன்வரும் சலுகைக்கு அவருக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. இந்த வாரமே போங்கள், இருவரும் சேர்ந்து போங்கள்.